யாகப்புவுக்குக் கொடுத்த அமுக்கரா

சண்டையில் பாதை பூட்டுப்பட்டுப் பனடோல் மாத்திரை வருவது நின்றுபோன பிறகு குருநகரில் வீட்டுக்கு வீடு ஒரு பரியாரி முளைத்துவிட்டார். யாரைக் கேட்டாலும் ஒரு கைமருந்து சொன்னார்கள். மறதிக்கு வல்லாரை, காய்ச்சலுக்குச் சீந்தில், சளிக்குத் துளசி, மனக்கவலைக்குப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு ஒரு வெறும் தேத்தண்ணீர். ஆசுபத்திரியில் மருந்து இல்லாத குறை நாக்கில் தீர்ந்தது. ஆனால் அருமைநாயகியின் புருஷன் யாகப்புவைப் பிடித்திருந்த வருத்தத்துக்கு மட்டும் இந்தப் பரியாரிகள் ஒருவரிடமும் பெயர் இருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, நெஞ்சு நோவு இல்லை. களை. உடம்பு சோர்ந்துபோன வெறும் களை.

அந்தக் களை எங்கிருந்து வந்தது என்பதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. யாகப்பு கடல் தொழிலாளி. இரவு முழுக்கக் கடலில் நின்று, விடிய வந்து, பகலில் படுப்பது அவனுடைய அப்பன் பாட்டன் காலத்து வழக்கம். இப்போது பகலில் குண்டு போடுகிற பொம்பர் வந்தது. கண் சொருகுகிற நேரம் பார்த்து இரையும். எழும்பி முற்றத்தில் வெட்டிய பங்கர்க் குழிக்குள் ஓட வேண்டும். போய்விட்டது என்று வந்து சரிந்தால் திரும்ப இரையும். சரி, பகலில் தொழில் செய்து இரவில் படுக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கடலுக்குப் போகவே தடை. எதிரே மண்டைதீவில் ஆமி நின்றது. பகல் வெளிச்சத்தில் வள்ளம் கண்டால் சுடுவான். ஆகவே இருட்டில், விளக்கில்லாமல், பேச்சில்லாமல் போய் வர வேண்டியிருந்தது. இரவைக் கடல் எடுத்துக்கொண்டது, பகலைப் பொம்பர் எடுத்துக்கொண்டது. மனுஷன் எங்கேதான் படுப்பது?

வள்ளம் அருமைநாயகியின் தம்பி செல்வரட்ணத்தினுடையது. யாகப்புவும் அவனும்தான் அதில் போகிறவர்கள். ஒரு நாள் காலை, மச்சான் பங்கருக்குள் இருக்கிற நேரம் பார்த்துச் செல்வரட்ணம் குசினி அடுப்படிப் பக்கம் வந்தான்.

“அக்கா, சொல்லுறனெண்டு கோவிக்காதை. அத்தான் நேற்று நெருப்புக்குச்சி தட்டிப்போட்டார்.”

“என்னத்துக்கு?”

“பீடி பத்த. வலை விரிச்சுக்கொண்டு நிக்கேக்கை. தான் எங்கை நிக்கிறனெண்டே மனுஷனுக்கு மறந்துபோச்சு. வெளிச்சத்தைக் கண்டு மண்டைதீவிலையிருந்து அடிச்சாங்கள். தலைக்கு மேலாலை போச்சு. எனக்கும் பெண்டில் பிள்ளையள் இருக்கல்லோ.”

“அதுக்கு? அத்தானை விட்டிட்டு ஆரை ஏத்தப்போறாய்?”

“ஆளைத் தேத்து அக்கா. கொஞ்ச நாள் பாக்கிறன். தேறாட்டில் வேறை ஆளைத்தான் பாக்க வேணும். அவரோடை சேந்து என்னாலை சாக ஏலாது.”

அவன் சொன்னதில் அநியாயம் ஒன்றும் இல்லை என்பதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. தம்பி கெட்டவனாக இருந்தால் நாலு ஏச்சு ஏசிவிட்டு ஆறியிருப்பாள். கடலுக்குப் போகாத யாகப்புவை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வள்ளத்தில் இடம் போன ஆம்பிளைகளை அவள் நாளாந்தம் பார்த்தாள். பூசைக்குப் போகும்போதும் வரும்போதும் வேதக்கோயில் மதிலடியில் குந்தியிருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் கதைப்பதுகூட இல்லை. கடலைப் பார்த்துக் குந்துவதற்கும் மனமில்லாமல் தெருவைப் பார்த்துக் குந்தியிருந்தார்கள். அந்த வரிசையில் தன் புருஷனும் போய்க் குந்தக் கூடாது. அது ஒன்றுதான் அவளுடைய வேண்டுதல்.

பக்கத்து வீட்டு றோஸ் முதலில் காளான் கொண்டுவந்தாள். பக்கத்திலிருந்த திருநெல்வேலியில் ஏதோ ஒரு நிவாரணச் சங்கம் பெண்களுக்கு வைக்கோல் பையில் காளான் வளர்க்கப் பழக்கிக்கொண்டிருந்தது. றோஸ் அங்கே போய் வருகிறவள். போனால் காளானோடு சேர்த்து நிறையச் செய்தியும் கொண்டுவருவாள்.

“அருமையக்கா, உதை வதக்கிக் குடுத்துப் பாருங்கோ. இறைச்சிச் சத்து முழுக்க உதிலை கிடக்காம். ரத்தக் கொதிப்புக்கு நல்லதாம், வருத்தங்களை அண்ட விடாதாம், வெளிநாட்டிலை குளிசையாயும் விக்கிறாங்களாம்.”

“களைக்கு நல்லதோ?”

“எல்லாத்துக்கும் நல்லதாம்.”

எல்லாவற்றுக்கும் நல்லது என்று சொல்லப்படுகிற சாமானில் அருமைநாயகிக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. என்றாலும் மிளகு போட்டு வதக்கிக் கொடுத்தாள். யாகப்பு ஒரு துண்டை வாயில் போட்டு நெடுநேரம் மென்றான். “மீனுமில்லை, மரக்கறியுமில்லை. பழுதாப்போன கணவாய் மாதிரிக் கிடக்கு,” என்றான். மிச்சத்தையும் தின்றுவிட்டு, சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் வைத்தபடி, அதை எங்கே வைப்பது என்று தெரியாதவனாக அப்படியே இருந்தான். அவனுடைய கை நடுங்கியது. வலைக்கயிற்றைக் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போட்ட கை.

“அப்ப அளவெட்டிக்குப் போங்கோ,” என்றாள் றோஸ், தன் காளான் தோற்றதில் கொஞ்சம் மனத்தாங்கலோடு. “கனகரத்தினம் பரியாரியாரெண்டு இருக்கிறார். நரம்பு வருத்தத்துக்கு அவற்றை மருந்து கைகண்டது.”

மண்ணெண்ணெய்ப் புகையைக் கக்கிக்கொண்டு ஓடிய மினிபஸ்ஸில் தொங்கி, நடந்து, திரும்ப ஒரு வண்டியில் ஏறி அருமைநாயகி அளவெட்டிக்குப் போய்ச் சேர்ந்தாள். ஒரு பொட்டலம் ஓராக் கருவாடும் கொண்டுபோயிருந்தாள். வெறுங்கையோடு வைத்தியரிடம் போவதா என்ற எண்ணம். பரியாரியார் வீட்டு விறாந்தையில் நீளப் பலகை வாங்கு போட்டு ஆட்கள் இருந்தார்கள். பக்கத்து வளவில் யாரோ நாதஸ்வரம் பழகிக்கொண்டிருந்தார்கள். குண்டு விழுகிற நாட்டில் இதற்கும் ஒருவருக்கு மனம் வருகிறதே என்று நினைத்தாள். அதற்குப் பிறகு என்ன நினைத்தாள் என்று அவளுக்குத் தெரியாது. வாங்கிலேயே நித்திரையாகிவிட்டாள்.

“பிள்ளை, வருத்தம் உனக்கோ?” பரியாரியார் முன்னால் நின்றார்.

“இல்லை ஐயா, எனக்கொண்டுமில்லை. அவருக்கு.”

“உன்ரை கையையும் ஒருக்காக் காட்டன்.”

“எனக்கொண்டுமில்லை ஐயா,” என்று கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு யாகப்புவின் நடுக்கம், மறதி, பசியின்மை எல்லாவற்றையும் சொன்னாள். வயதானவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, “ஆள் என்ன தொழில்?” என்றார்.

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. வெளியில் ஒருவரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று செல்வரட்ணம் ஆயிரம் தரம் சொல்லியிருந்தான். தடை செய்த கடலுக்கு யார் போகிறார்கள், எந்தப் பக்கம் போகிறார்கள் என்ற கதை எந்தக் காதுக்குப் போகும் என்று யார் கண்டது? விறாந்தையில் முன்பின் தெரியாத ஆட்கள் வேறு.

“தோட்டத்திலை கூலி, ஐயா.”

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல ஒன்று சேர்ந்தது. கருவாட்டுப் பொட்டலத்தையும் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினாள்.

பரியாரியார் உள்ளே போய் மஞ்சள் கலந்த சாம்பல் நிறத்தில் ஒரு சூரணத்தைப் பொதி செய்து கொண்டுவந்தார். “உது அமுக்கராக் கிழங்கு. இந்தியாச் சரக்கு. வல்வெட்டித்துறையிலை இறங்கினது, இனி எப்ப வருமோ தெரியாது. குதிரைப் பெலன் தருமெண்டு சொல்லுவினம். அது சும்மா கதை. உடம்பு தாங்கிறதுக்கு மேலாலை தாங்கினால் இப்பிடி ஒரு நடுக்கம் வந்து குந்தும். உது அதை அடக்கும். முதல் ஆள் ஆறுவார், பிறகுதான் பெலன் வரும். அவசரப்படுத்தாதை.”

“எப்ப குடுக்கிறது ஐயா?”

“இராச் சாப்பாடு முடிய. சூடான பாலிலை ஒரு தேக்கரண்டி.”

காசுக்கு அவர் கை நீட்டவில்லை. ஆள் தேறட்டும், பிறகு பார்ப்போம் என்றார். தங்கமான மனுஷன். ஆனால் என்ன பயன்? அளவெட்டியில் இராச் சாப்பாடு முடிந்தால் பாயை விரிப்பார்கள். குருநகரில் இராச் சாப்பாடு முடிந்தால் வள்ளத்தைத் தள்ளுவார்கள். தோட்டக்காரனுக்கு என்று நினைத்து அவர் சொன்னார். தன்னுடைய வீட்டுச் சாப்பாட்டை நினைத்து அவள் கேட்டாள். பெலன் வரும் என்ற சொல்லைத்தான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனத்துக்குள் உருட்டிக்கொண்டு வந்தாள். தொழிலுக்குப் போக முந்திக் குடிக்கிற பெல மருந்து. எவ்வளவு பொருத்தம்!

சூரணத்தை ஒரு இரவு அந்தோனியார் படத்தின் கீழ் வைத்துவிட்டு, மறுநாள் தொடங்கினாள். றோஸ் வீட்டு ஆட்டுப்பாலைக் காய்ச்சி, சீனி கண்டு பல காலமானதால் பனங்கட்டி போட்டுக் கலக்கிக் கொடுத்தாள். “இதென்ன குதிரை லாயத்து மணம்,” என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு யாகப்பு குடித்தான். குடித்துவிட்டுத்தான் ஒவ்வொரு பொழுதும் கடலுக்கு இறங்கினான்.

மருந்து கைவிடவில்லை. கொஞ்ச நாளில் சோறு ஒரு பிடி கூடுதலாக இறங்கியது. கையில் நடுக்கம் குறைந்தது. ஆனால் வள்ளத்தில் ஆள் மந்தமாக இருக்கிறார் என்று செல்வரட்ணம் சொன்னான். கூப்பிட்டால் இரண்டாம் தரம்தான் கேட்கிறதாம். “இந்தக் கிழமையோடை பாத்திட்டு முடிவெடுக்க வேணும் அக்கா,” என்றான். மருந்து போதவில்லை என்று விளங்கிக்கொண்டாள். அன்று பொழுதுபட இரண்டு கரண்டிக்கு மேலே, கைக்கு வந்த மட்டும் அள்ளிப் போட்டாள்.

விடிந்தது. கரையில் பெண்கள் நின்றார்கள். மற்ற வள்ளங்கள் ஒன்றொன்றாக வந்து சேர்ந்தன; மீன் குறைவு, ஆள் சரி, அது போதும். செல்வரட்ணத்தின் வள்ளம் மட்டும் வரவில்லை. வெளிச்சம் ஏற ஏறக் கரையில் கதை குறைந்தது. ஆள் வந்து சேர்ந்த பெண்கள் தங்கள் புருஷன்மாரோடு வீட்டுக்குப் போக வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார்கள். “போங்கோ, போய் வேலையைப் பாருங்கோ,” என்று அருமைநாயகி அவர்கள் மேல் எரிந்து விழுந்தாள். அழுவதற்குக்கூட அவளுக்குச் சீவன் இல்லை. அழவும் கொஞ்சம் பெலன் வேண்டும்.

வெயில் சுடத் தொடங்கிய பிறகு, கரையோரத் தண்ணீரில் வளர்ந்த கண்டல் பற்றைகளின் பக்கமாக வள்ளம் தெரிந்தது. பட்டப்பகலில், மண்டைதீவுக்காரன் பார்க்கக்கூடிய இடத்தில், செல்வரட்ணம் தனி ஒருவனாக மரக்கோலை ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்தான். வள்ளத்தில் வேறு ஆளைக் காணவில்லை. அருமைநாயகி சேலையோடு தண்ணீருக்குள் இறங்கினாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று உள்ளே பார்த்தாள். யாகப்பு அடியில் நீட்டி நிமிர்ந்து கிடந்தான், மேலே செல்வரட்ணத்தின் சேட்டு மூடிக் கிடந்தது. அவள் வாயிலிருந்து வந்த சத்தம் அவளுக்கே கேட்கவில்லை.

“கத்தாதை அக்கா! உயிரோடைதான் கிடக்கிறார். நித்திரை.”

“என்ன?”

“நித்திரை! வலை விரிக்க முந்தியே சாய்ஞ்சிட்டார். தட்டினன். தண்ணி ஊத்தினன். ஆத்திரத்திலை கன்னத்திலையும் ரெண்டு போட்டன். அசையேல்லை. செத்துப்போனார் எண்டு நெஞ்சிலை காதை வைச்சால் குறட்டை. அந்த அமைதியிலை அக்கா, மண்டைதீவுக்குக் கேட்கிற குறட்டை! என்ரை சேட்டைக் கழட்டி அவற்றை மூஞ்சையை மூடிப்போட்டு, கண்டலுக்குள்ளை வள்ளத்தை விட்டிட்டுக் குந்தியிருந்தன். வத்துத் தண்ணி. வள்ளம் தரை தட்டிப்போச்சு. தண்ணி ஏறுமட்டும் பாத்துக்கொண்டு இருந்து இப்ப வாறன். ஒரு மீனுமில்லை.”

வள்ளத்தைக் கரைக்கு இழுத்தார்கள். யாகப்பு அப்போதும் எழும்பவில்லை. செல்வரட்ணம் மணலில் குந்தி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். மூடிய கையை எடுக்காமலே, “இனி ஏலாது அக்கா,” என்றான்.

அருமைநாயகிக்கு அப்போதுதான் பரியாரியாரின் விறாந்தை கண் முன்னால் வந்தது. முதல் ஆள் ஆறுவார். இராச் சாப்பாடு முடிய. தோட்டத்திலை கூலி. எல்லாம் ஒன்றோடு ஒன்று வந்து பொருந்தின. தம்பிக்குப் பக்கத்தில் குந்தினாள்.

“அவரிலை பிழையில்லையடா. நான்தான் மருந்து குடுத்தனான். பெலன் வருமெண்டு குடுத்தன். படுக்க முந்திக் குடுக்கிற மருந்தைக் கடலுக்குப் போக முந்திக் குடுத்துப்போட்டன். நிப்பாட்டிப்போடுறன். இனிக் குடுக்கேல்லை. ஏத்தடா.”

செல்வரட்ணம் கையை எடுத்தான். கோபம் வரும் என்று அவள் பார்த்திருந்தாள். வந்திருந்தால் நல்லதாயிருந்திருக்கும்.

“மருந்து குடியாமல் நெருப்புக்குச்சி தட்டினவர். மருந்து குடிச்சால் படுத்திட்டார். நான் எந்த அத்தானையக்கா ஏத்திறது?”

அவன் எழும்பி, மச்சானை முதுகில் தூக்கிக்கொண்டு வீடுவரை வந்தான். பாயில் கிடத்தும்போது தலை நிலத்தில் அடிபடாமல் கையைக் கொடுத்துக் கிடத்தினான். வெளியே போகும்போது அக்காவின் முகத்தைப் பார்க்காமல் போனான்.

மத்தியானம் போல் பொம்பர் வந்தது. றோஸ் பங்கருக்குள் இருந்து, “அருமையக்கா, ஓடி வாங்கோ!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். அருமைநாயகி யாகப்புவின் தோளில் கை வைத்தாள். உலுப்புவதற்குத்தான் வைத்தாள். வாய் திறந்து, நெற்றிச் சுருக்கமெல்லாம் அவிழ்ந்து, அவன் கிடந்த கிடையைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள். விழுகிறதென்றால் விழட்டும், இந்த மனுஷனை இனி நான் எழுப்பமாட்டேன் என்று யார் மேலோ கோபமாக நினைத்தாள். அவளும் போகவில்லை, பக்கத்திலேயே குந்தியிருந்தாள். குண்டு எங்கோ தூரத்தில் விழுந்தது. ஓடு ஒன்று சரிந்து முற்றத்தில் உடைந்தது. யாகப்பு மறுபக்கம் திரும்பிப் படுத்தான்.

பின்னேரம் அவன் எழும்பியபோது அது வேறு ஆள். கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வந்து, “பசிக்குது,” என்றான். அவள் போட்டதைத் தின்றான், இன்னும் கேட்டான். நடுக்கம் என்ற பேச்சே இல்லை. கிழிந்து கிடந்த வலைத்துண்டை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு கதைத்தபடியே முடிச்சுப் போட்டான். முன்பு அவளைக் கலியாணம் பேசி வந்த காலத்தில் இருந்த அதே வேகம். கொடுத்த மருந்து வேலை செய்துவிட்டது. அதைப் பார்த்துச் சந்தோசப்பட வேண்டியவள், குசினி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ராத்திரி வலையிலை என்ன பட்டது?” என்று கேட்டான். “எனக்கொண்டும் ஞாபகமில்லை. மணலை மீன் பட்டதோ?”

“ஒண்டும் படேல்லை.”

“இண்டைக்குப் படும்.” சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எழும்பினான். “பொழுது சரியுது. உவன் கரைக்கு வந்திருப்பான். நான் போகப்போறன்.”

இதைச் சொல்ல வேறு ஆள் இல்லை. தம்பி போய்விட்டான். “இஞ்சேருங்கோ,” என்றாள். “இருங்கோ. அவன் இனி உங்களை ஏத்தமாட்டான்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். நெருப்புக்குச்சியிலிருந்து தொடங்கி அளவெட்டி, பொய், மருந்து, அள்ளிப் போட்டது, கண்டல் பற்றை, பகல் வெளிச்சம் வரைக்கும் ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல அவன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. கோயில் மதிலடி வரிசைதான் அவளுக்குத் தெரிந்தது. “என்ரை பிழைதான். நான் போய் அவன்ரை காலிலை விழுந்தெண்டாலும் கேக்கிறன். உங்கடை இடத்தை வேறை ஆளுக்குக் குடுக்க விடமாட்டன்,” என்று முடித்தபோது அழுதுகொண்டிருந்தாள்.

யாகப்பு மடித்துக் கட்டிய சாரத்தை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டான். வாசல்வரை போனான், கடல் கிடக்கிற பக்கம் ஒரு தரம் பார்த்தான், திரும்பி வந்தான். அவளைக் கேட்பதற்கே கூச்சப்படுகிறவன் போல, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்.

“அப்ப, இண்டைக்கு இரவு நான் வீட்டிலை படுக்கலாமோ?”

அவன் இடத்தைக் காப்பாற்ற இவ்வளவு ஓடினாள். அவனுக்கு என்ன வேண்டும் என்று ஒரு தரமும் கேட்கவில்லை. அருமைநாயகி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பாயை எடுத்து விரித்தாள்.

“ஓம்,” என்றாள். “படுங்கோ.”